முழந்தாளில் எழுதுகிறவர்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பங்குக் கோயிலில் ஆள் இருக்காது. பெண்கள் பக்கத்து மூன்றாம் வாங்கில் முழந்தாளிட்டு, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, அன்ரோனெற் உதட்டை அசைக்கத் தொடங்குவார். முகம் கவிழ்ந்திருக்கும். இரண்டு கையும் கூப்பினமாதிரி நெஞ்சோடு சேர்ந்திருக்கும். அந்தக் கைகளுக்குள் இருப்பது செபமாலை அல்ல, போன். தலைப்புக்குள்ளால் காதுக்குப் போகிற வயர் வெளியில் தெரியாது.

உளவளத்துணையாளர் என்பது அவரை வேலைக்கு வைத்த கந்தோர் கொடுத்த பெயர். கரையில் அவரைக் ‘கதை கேக்கிற ரீச்சர்’ என்பார்கள். ஒருகாலமும் படிப்பித்தவரல்ல. தாய்வழியில் விடத்தல்தீவில் வள்ளங்கள் வைத்திருந்த கிறகரிச் சம்மாட்டியின் பேத்தி, தகப்பன்வழியில் முள்ளிக்குளத்தார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் கரை நெடுகப் பரவிக் கிடப்பதால், முன்னால் வந்து கதிரையில் இருக்கிறவர் யாரானாலும் மூன்றாம் பேச்சில் உறவாகிவிடுவார். வேலைக்கு அது நல்லதா கெட்டதா என்று அவரிடமே கேட்டால் சிரிப்பார்.

யாரிடமும் ‘ஏன்’ என்று கேட்கமாட்டார். ‘ஏன் எண்டா சனம் கோட்டுக் கூண்டில ஏறினமாதிரி நிக்கும்’ என்பது அவர் கண்ட அனுபவம். அழுகிறவருக்குக் கைலேஞ்சி நீட்டுவதும் கிடையாது. ‘துடைக்காதீங்கோ, அது தன்ர பாட்டில காயும்’ என்றுவிட்டு, தானும் அசையாமல் இருப்பார். அப்படி இருக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் வேறு யாருமில்லை.

எழுதத்தான் அவருக்கு வராது. வராது என்றால் எழுத்துத் தெரியாமல் அல்ல, நிறுத்தத் தெரியாமல். ஒருவர் வந்துபோனால் அதைப்பற்றிக் குறிப்பு எழுதிக் கந்தோருக்கு அனுப்பவேண்டும். அன்ரோனெற் எழுதினால், வந்தவர் சிங்கராசாவின் மூத்த தாரத்து மகளுக்குப் பெறாமகள் என்று தொடங்கி, பேரன் பூட்டன் எல்லாம் இறங்கி, ‘நித்திரை வருவதில்லை’ என்ற விடயம் கடைசி வரியில் வந்து சேரும். கிழமை முழுக்க ஆள் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சனிக்கிழமை ஒன்றாக எழுதக் குந்துவார். ஒருமுறை செவ்வாய்க்கிழமை அழுதவரின் கண்ணீர் வெள்ளிக்கிழமை வந்தவரின் குறிப்புக்குள் போய்விட்டது. அன்றைக்கு அவரே பயந்துபோனார்.

மன்னார் ரவுண் கந்தோரிலிருந்து விதுசன் என்ற இளம் உத்தியோகத்தர் வந்து வழி காட்டினார். ஆரின்ர பேத்தி, ஆரின்ர பூட்டி என்ற கதை கந்தோருக்கு வேண்டாம், நாலு தலைப்புப் போதும் என்றார்: அவர் சொன்னது. நான் பார்த்தது. நான் நினைப்பது. இனிச் செய்வது.

“சூடை மீன்மாதிரித் தலை வேறை வால் வேறையாச் சனத்தை வெட்டச் சொல்லுறீர்” என்றார் அன்ரோனெற்.

“வெட்டினாத்தான் அக்கா பெட்டிக்குள்ள அடுக்கலாம்.”

கையால் எழுதவும் வேண்டாம், வாயால் சொன்னால் போன் எழுதும் என்றும் பழக்கிவிட்டுப் போனார். அது பிடித்துக்கொண்டது. ஆள் எழும்பிப் போன கையோடு, சூடு ஆறமுன் சொல்லிவிடலாம். சனிக்கிழமைகள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன.

சொல்ல இடம்தான் இல்லை. ஆள் பார்க்கிற அறைக்கும் தையல் வகுப்புக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான். கதைக்கிறது அந்தப் பக்கம் கேட்காமல் இருக்க, இரைச்சல் போடுகிற பழைய காற்றாடியைச் சுழலவிடுவார். அந்த இரைச்சலில் போனுக்கும் ஒன்றும் கேட்காது. கடற்கரைக்குப் போனால் காற்று. கடைசியில் கோயில்தான் வாய்த்தது. வாங்கில் சும்மா இருந்தால் யாராவது வந்து கதை கொடுப்பார்கள். முழந்தாளில் நின்றால் ஒருவரும் கிட்ட வரமாட்டார்கள். ஊர்ப்பேச்சில் சொன்னால் போன் தடுமாறுகிறதென்று, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், தலைப்பைச் சொல்லி நிறுத்தி, பிறகு விடயத்தைச் சொல்லுவார்.

ஆவணியில் ஒருநாள் நிறஞ்சலா வந்து போனாள். மில்ரனின் மனைவி, கருவாடு போட்டுப் பிள்ளைகளை வளர்க்கிறவள். மில்ரன் கட்டாரில். அவன் தாயும் நிறஞ்சலாவும் ஒரே வீட்டில். தன் மகன் நாள் தவறாமல் போன் எடுத்துக் கதைக்கிறான் என்று தாய்க்காரிக்குப் பெருமை. உண்மையில் அவன் எடுத்து மாதக்கணக்காகிவிட்டது. பின்னேரமானால் நிறஞ்சலா போனைக் காதில் வைத்துக்கொண்டு, மாமியார் காது கேட்கிற தூரத்தில் நின்று, ‘சாப்பிட்டியளோ, அங்க வெயில் எப்பிடி’ என்று வெறும் போனோடு கதைப்பாள். பல நாள் வந்து மீன் விலை கதைத்துவிட்டுப் போனவள், அன்றைக்குத்தான் இதை வாய்விட்டுச் சொன்னாள்.

அன்ரோனெற் அவளை அனுப்பிவிட்டுக் கோயிலுக்குப் போனார். பெயர் சொல்லவில்லை, அதில் அவர் கவனம். நாலு தலைப்பையும் சொல்லி முடித்துக் காதிலிருந்து வயரைக் கழற்றினபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

“ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.”

திரும்பினார். றஞ்சிதம். செபமாலைக் கூட்டத்தை நடத்துகிறவர், நிறஞ்சலாவின் மாமியாருக்குச் சின்னம்மாவின் மகள். பின்வாங்கில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் பதில்மொழி சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். வயர் அடைத்த காதுக்கு அது கேட்கவில்லை.

“பேர் சொல்லாமல்தான் வேண்டினனீ, பிள்ளை” என்றார் றஞ்சிதம். கண் கலங்கியிருந்தது. “ஆண்டவருக்கு ஆளைத் தெரியும். எனக்கும் தெரிஞ்சுபோச்சு.”

“அன்ரி, அது செபமில்லை. என்ர வேலை.”

“வேலையோ? முழந்தாளில நிண்டோ?”

அன்ரோனெற் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். றஞ்சிதம் அதை இரகசியம் என்று எடுக்கவில்லை, பாரம் என்று எடுத்தார். பாரமென்றால் எல்லாருமாகத் தூக்கவேண்டியதுதானே. ஞாயிறு பூசை மன்றாட்டில் சேர்ப்போம், பெயர் வேண்டாம், கட்டாரில் புருசனைத் தொலைத்த ஒரு குடும்பத்துக்காக என்று மட்டும் சொல்லுவோம் என்றார். அப்படிச் சொன்னால் பூசை முடிந்து செருப்புப் போடமுன் ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடும். வேண்டாமென்று அன்ரோனெற் கையைப் பிடித்தார். “செபிக்கக் கூடாதெண்டு ஒராள் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்” என்று கையை உதறிவிட்டு, கிழவி வாங்கைப் பிடித்து எழும்பிப் போனார்.

ஞாயிறு வரை பொறுத்திருக்கலாம். கிழவி மறந்துபோகவும் கூடும். ஆனால் நிறஞ்சலா அந்த ஒரு வசனத்துக்கு வந்துசேர எவ்வளவு காலம் எடுத்தாளென்று அன்ரோனெற்றுக்குத் தெரியும். அதை வேறு வாயால் கேட்டாளென்றால் அவள் இனி அந்தக் கதிரையில் இருக்கமாட்டாள், வேறு எந்தக் கதிரையிலும் இருக்கமாட்டாள். வெயில் தணியமுன் கருவாடு காய்கிற இடத்துக்கு நடந்தார்.

நிறஞ்சலா மீன் காயப்போடுகிற பரணில் சூடையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அன்ரோனெற் நின்றபடியே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். போனுக்குச் சொன்னது, கோயிலில் சொன்னது, பின்னால் ஒராள் இருந்ததைப் பார்க்காமல் விட்டது, எல்லாம் தன் பிழை என்றார்.

“ஆர், றஞ்சிதம் அன்ரியோ?” என்று மட்டும் கேட்டாள். பிறகு அந்த வரிசை முடியும்வரை மீனைப் புரட்டினாள். “நீங்கள் போங்கோ ரீச்சர். எனக்கு வேலை கிடக்கு.”

ஞாயிறு பூசையில் றஞ்சிதம் மன்றாட்டுக்கு எழும்பினபோது அன்ரோனெற் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவி தொண்டையைச் செருமிக்கொண்டு, தூரதேசங்களில் உழைக்கிற எல்லாருக்காகவும், அவர்களின் குரலுக்காகக் காத்திருக்கிற எல்லா வீடுகளுக்காகவும் என்றார். வெளிநாட்டில் ஆளில்லாத வீடு அந்தப் பங்கில் எங்கே இருக்கிறது? ஒருவரும் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பதில்மொழி மட்டும் வழக்கத்தைவிடப் பலமாக வந்தது. நிறஞ்சலாவின் மாமியாரும் சொன்னார். நிறஞ்சலா பூசைக்கு வந்திருக்கவில்லை.

திங்கள், செவ்வாய் அவளைக் காணவில்லை. தையல் வகுப்பில்லாத புதன்கிழமை, மீன் கழுவின கையோடு வந்து கதவடியில் நின்றாள். இருக்கச் சொல்லமுன்னம் இருந்தாள்.

“போனை எடுங்கோ. என்னைப்பற்றி என்ன சொன்னனீங்கள் எண்டு பாப்பம்.”

அன்ரோனெற் எடுத்துக் கொடுத்தார். நாலு தலைப்பையும் அவள் விரல் வைத்து, பள்ளிப்பிள்ளை படிக்கிறமாதிரிப் படித்தாள். ‘நான் நினைப்பது’ என்ற இடத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள்.

“நான் இவ்வளவு தைரியசாலி இல்லை” என்றாள். பிறகு போனை மேசையில் வைத்தாள். “நீங்கள் ஆருக்கும் சொல்லேல்லைத்தானே ரீச்சர். வெறும் போனுக்குத்தான் சொன்னனீங்கள். நானும் அதைத்தானே செய்யிறன்.”

நிறஞ்சலா போனை அவர் பக்கம் தள்ளினாள்.

“ஆனா இனி நான் இல்லாத இடத்தில என்னைப்பற்றிச் சொல்லாதீங்கோ. சொல்லுறதெண்டா எனக்கு முன்னால சொல்லுங்கோ.”

அன்ரோனெற் தலையாட்டினார். போனில் புதுப் பக்கம் ஒன்று திறந்து, வாசகக் குரலில், முதல் தலைப்பாக, “அவர் சொன்னது” என்றார். அதோடு நிறுத்தி, போனை நிறஞ்சலாவின் வாய்க்கு நேரே மேசையில் தள்ளிவைத்து, தன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.