பள்ளிக்கூடச் சுவரில் பூத்த உப்பு

இன்று காலை எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் கூரைக் காரை பெயர்ந்து கிடந்தது. துருவும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனைக்கு என் நாக்கு தானாக மாங்காயைத் தேடியது.

எழுபதுகளில் நான் படித்த, இப்போது இல்லாத அந்த மரக்காணத்துப் பள்ளிக்கூடம் உப்பளத்தை ஒட்டியே இருந்தது. கோடை வந்தால் சுவரெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், நானும் என் பெஞ்சில் உட்காரும் ரீத்தாவும் மாங்காய்க் கீற்றை அதில் தேய்த்துத் தேய்த்துத் தின்போம். தலைக்கு மேலே கான்கிரீட் வெடித்துக் கம்பி துருவேறிச் சிவப்பாகத் தெரியும். டீச்சர் தினமும் பெஞ்சில் உதிர்ந்த தூளைத் துடைத்துவிட்டு, எங்களை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்வார். ஒரு நாள் அதற்கு மேல் தள்ளி உட்கார இடமில்லை. ஓரத்தில் இருந்த ரீத்தாவின் தோளில் ஒரு பாளம் விழுந்தது.

அவளைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு, உப்பளத்திலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த என் அம்மா முதலில் என்னைத் தடவிப் பார்த்தாள். பிறகு சுவரைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தாள்.

"இத கட்டசொல்ல நாங்கதான் தண்ணி தூக்கினோம் டீச்சர். குடிக்கவே நல்ல தண்ணி இல்ல, கட்டடத்துக்கு எதுக்குன்னு உப்பள வாய்க்கால்லதான் மொண்டோம். மேஸ்திரியும் ஒண்ணும் சொல்லல."

டீச்சர் பெஞ்சில் கிடந்த தூளைத் துடைக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை அதே அறையில்தான் வகுப்பு நடந்தது. டீச்சர் எங்களைத் தள்ளி உட்காரச் சொன்னார். ரீத்தா இல்லாததால் பெஞ்சில் இடம் இருந்தது.