உட்காரவைக்கப்பட்ட சென்டர்

இன்று காலை ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"அவங்க கிளம்புற வரைக்கும் எழுந்திருக்காத" என்பது அம்மாவின் உத்தரவு. என் உயரம் தெரிந்துவிடுமாம்.

கல்லூரிக் கூடைப்பந்து அணியில் நான்தான் சென்டர். வளையத்தடியில் என்னைத் தாண்டிப் பந்தை எடுப்பது லேசில்லை. பிறகு பல்கலைக்கழக அணியின் கேப்டன், மாநிலப் போட்டியில் சிறந்த வீராங்கனை.

அந்தக் கோப்பைகளை எல்லாம் நேற்று என் கையாலேயே பரணில் ஏற்றவைத்துவிட்டு, ஷோகேஸில் செராமிக் பொம்மைகளை அடுக்கினார் அம்மா.

பாயில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன். முட்டி வலித்தது. கை சும்மா இருக்காமல் இல்லாத பந்தைப் பாயில் தட்டிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா அண்ணாந்து பார்த்தார். "மேல ஏதோ கப்பு மின்னுதே, யாருதுங்க?"

"பக்கத்து வூட்டுப் பையனுதுங்க" என்றார் அம்மா.

அவ்வளவுதான். எழுந்தேன். ஸ்டூல் போடாமல் கையை நீட்டிக் கோப்பையை எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

"என்னுதுங்க."

"போயிட்டு போன் பண்றோங்க" என்று கிளம்பிவிட்டார்கள்.

இன்னும் போன் வரவில்லை. அம்மா பேசவில்லை. நான் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

கோப்பைகளை எல்லாம் இறக்கி ஷோகேஸில் வைத்துவிட்டேன். திரும்பப் பரணில் ஏற்ற வேண்டுமென்றால் அம்மா என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

கூப்பிடட்டும், பார்க்கலாம்.