நேர்ந்துகொண்ட முடி

மகள் இப்போது இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று பின்னலைப் போடுவாள், பிரிப்பாள், மறுபடி போடுவாள். வாசலில் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். ஆனால் அந்தத் தலைமுடி விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

அவளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. கோலாலம்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே என் மனைவி நேர்ந்துகொண்டாள்: பிள்ளை பிழைத்து வந்தால் கிள்ளானில் எங்கள் வீட்டருகே உள்ள அம்மன் கோயிலில் அவளுக்கு மொட்டை போடுவதாக. கொஞ்ச நாளில் மருந்து அந்த முடி முழுவதையும் கொட்ட வைத்துவிட்டது. "சாமிக்கு அவசரம் போல, நேரா வந்து எடுத்துக்கிச்சு" என்றேன். மனைவி சிரிக்கவில்லை.

ஒருவழியாகச் சிகிச்சை முடிந்தது. பரிசோதனைக்கு மட்டும் போய்வந்த அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது. போகும்போது காரில் யாரும் வாய் திறக்கமாட்டோம். டாக்டர் "ஓகே" என்றதும் பிரிக்பீல்ட்ஸில் காரை நிறுத்துவோம். சுடச்சுட வடை, நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ, பிறகு மகளுக்கு ஒரு கிளிப். விரல்கடை முடியில் கிளிப் எங்கே நிற்கும்? வழுக்கி விழும். கிள்ளான் வரைக்கும் ஜாமில் அதை மாட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள். முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருள்சுருளாக முளைத்திருந்தது. "மீ மாதிரி இருக்குப்பா" என்று நூடுல்ஸோடு ஒப்பிட்டுச் சிரிப்பாள்.

அது தோளைத் தொட்டதும் மனைவி ஆரம்பித்தாள்.

"இப்ப குடுத்துட்டா நல்லது."

"அதான் ஒருதரம் போச்சே. பாவம், விட்டுடு லா."

"அது மருந்து எடுத்தது. நான் சாமிகிட்ட சொன்னது வேற. வாக்கு மாறி, திரும்ப வந்துச்சின்னா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் தலையைக் கொடுக்கலாமென்றால், அதில் சாமிக்குக் கொடுக்கும்படி எதுவும் மிச்சமில்லை. மகளிடம் சொன்னோம். "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கோயிலில் முடி எடுப்பவர் பலகையைக் காட்டி, "உக்காருங்க பாப்பா" என்றார். மகள் கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அழவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. தலையைக் குனிந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, பாப்பாவுக்குப் பூமுடி மட்டும் எடுங்க" என்றாள். நுனியில் கொஞ்சம் கத்தரித்துக் கொடுப்பதுதான் பூமுடி. "மொட்டைய எனக்குப் போடுங்க. சாமி கேட்டா நான் பேசிக்கிறேன்."

கொண்டையை அவிழ்த்தாள். முடி இடுப்புக்குக் கீழே விழுந்தது. பெண் பார்க்கப் போன அன்று நான் முதலில் பார்த்ததே அந்த முடியைத்தான். அங்கே நிற்க முடியாமல், சந்தனம் வாங்கி வருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

திரும்பும்போது மகள் பின்சீட்டிலிருந்து அம்மாவின் சந்தனத் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய பருத்தித் தொப்பியை எடுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அவள் போட்டிருந்த தொப்பி அது.

"மொதல்ல தலகாணி குத்தும்மா, அப்புறம் பழகிடும். ஏர்கோன் போட்டா குளிரும், இத போட்டுக்க. பயப்படாத, வளந்துடும்."

தொப்பி சின்னது, பாதித் தலைக்குத்தான் வந்தது. மனைவி அதை அப்படியே மாட்டிக்கொண்டு அழுதாள். பிள்ளைக்கு நோய் என்று சொன்ன நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.