களுதாவளைக்கு எட்டுப் பேரைத் தேடிப் போனேன்

பட்டணத்தில் எங்கள் கல்லூரி ஒனர்ஸ் வகுப்பொன்றைத் திறக்கப்போவதாக வைகாசியில் அறிவித்தது. இங்கிலாந்திலிருந்து நடத்தும் சீனியர் சோதனையில் சும்மா தேறாமல் விசேட சித்தி பெறுவதற்கான வகுப்பு. பாடம் அதிகம், நேரம் அதிகம், போதாக்குறைக்கு லத்தீன். கேத்திரகணிதம் படிப்பிக்க என்னை நியமித்தார்கள். அறிவித்தலைப் படித்த பட்டணத்துப் பிள்ளைகள் அம்மை கண்ட வீட்டைத் தாண்டுவதுபோல ஒதுங்கிப் போனார்கள். திங்கட்கிழமைக்குள் எட்டுப் பேர் சேராவிட்டால் வகுப்பும் இல்லை, நானும் இல்லை என்றார் அதிபர். அப்படியானால் எனக்கு மைத்துனரின் அரிசி ஆலைதான் கதி. தவிட்டுத் தூசியில் தும்மியே என் ஆயுள் முடிந்துவிடும். ஆகவே சனிக்கிழமை காலை களுதாவளைக்குக் கிளம்பினேன். ஆங்கிலம் ஓரளவு படித்துவிட்டு வீட்டோடு நின்ற பொடியன்கள் அங்கே நிறைய என்று கேள்வி.

ஏழு மணிக்கு பஸ். பதினான்கு மைல், முப்பது சதம். கல்லடிப் பாலத்தைத் தாண்டினால் வலப்பக்கம் வாவி. அந்தப் பக்கமே உட்காருங்கள். இடப்பக்கம் முகத்தில் வெயில் அடிக்கும். நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன், மடியில் பக்கத்து ஆளின் கோழியோடு. காத்தான்குடிக்காரரான சாரதி என் துண்டுப்பிரசுரக் கட்டைப் பார்த்து, "மாஸ்டர், மருந்து விக்கப் போறீங்களா?" என்றார்.

"படிப்பு."

"அது மருந்த விடக் கசக்குமே!" செட்டிபாளையம் வரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் நல்ல கூட்டம். ஒரு மணி நேரம் முழங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"லத்தீன் எண்டா எந்த ஊருல பேசுற பாசை?"

"இப்போது எங்கும் பேசுவதில்லை."

"அப்ப அதப் படிச்சி ஆரோட கதைக்கிற?"

நான் தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. மிச்சப் பேரில் பூபாலப்பிள்ளை என்ற, வயல் நிறைய உள்ள போடியார் மட்டும் தன் மகனைப் பிடித்து முன்னே தள்ளினார். "வட்டைக்கு அனுப்பினா வரப்பில இருந்து புத்தகம் படிக்கான். கொண்டு போங்க மாஸ்டர்."

எட்டில் ஒன்று. வெறுத்துப்போய்ச் சந்தியிலிருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். கடைக்காரர் கந்தப்பர் கோப்பையை வைத்தபடி, "ஆரு சேந்த?" என்றார்.

"பூபாலப்பிள்ளையின் மகன் மட்டும்."

"அவங்க வடசேரியல்லவா! தென்சேரியில ஒருத்தனும் இல்லயா?" என்றவர், சீனி போடாமலே கடையை விட்டு ஓடினார்.

இதை விளங்கிக்கொள்ள இங்குள்ள கொம்புமுறி விளையாட்டைத் தெரிந்திருக்க வேண்டும். அம்மன் பேரால் ஊரே வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, இரண்டு மரக் கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுக்கும். கொம்பு முறிந்த சேரியை மற்றச் சேரி வசை பாடித் தீர்க்கும். அந்த வருடம் முறிந்தது தென்சேரிக் கொம்பு.

கந்தப்பர் இரண்டு பொடியன்களோடு திரும்பினார். செய்தி பரவி வடசேரி இன்னொருவனைக் கொண்டுவந்தது. அப்புறம் நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. "வெண்டது எந்தச் சேரி எண்டு பேப்பரில போடுவாங்களா?" என்று ஒருவர் கேட்டார். பெயர் வரும், சேரி வராது என்றேன். "பேர் வந்தாக் காணும். சேரிய நாங்க போட்டுக்குவம்!"

நாலரை மணிக்குத் தென்சேரி நாலு, வடசேரி மூன்று. வடசேரியில் வேறு பொடியன் இல்லை. பூபாலப்பிள்ளை சால்வையை உதறித் தோளில் போட்டார். "ஆள் சமனில்லாம நாங்க இழுக்கிறல்ல. எங்கட மூணு பேரும் வரமாட்டாங்க." ஐந்தரைக்குக் கடைசி பஸ். மூக்கில் தவிட்டு வாசனை அடித்தது.

கந்தப்பர் என்னையே பார்த்தார். "மாஸ்டர் அந்த ஒனர்ஸ் பாஸோ?"

காலையில் ஒரு மணி நேரம் முழங்கிய வாயால், "சாதாரண பாஸ்தான்," என்றேன்.

"அப்ப நீங்களும் படிக்க வேண்டிய ஆள்தானே!"

பூபாலப்பிள்ளை பாய்ந்து என் கையைப் பிடித்தார். "மாஸ்டர் எங்கட ஆள்!"

திங்கட்கிழமை அதிபர் எட்டாவது பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். காலையில் கேத்திரகணிதம் படிப்பிப்பேன். பிற்பகல் என் மாணவர்களோடு கடைசி வாங்கில் உட்கார்ந்து லத்தீன் படிப்பேன். கிழமைதோறும் எங்கள் வகுப்புச் சோதனைப் புள்ளிகளை அதே பஸ் சாரதி கந்தப்பர் கடையில் கொண்டுபோய் உரக்கச் சொல்வார். தோற்கும் சேரிக்கு அன்று தேத்தண்ணி இறங்காது. பொடியன்கள் படித்த படிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

விடைத்தாள்கள் கப்பலேறி இங்கிலாந்து போய், பெறுபேறு வந்தது. பத்திரிகையில் ஏழு பெயர்கள். ஏழு பேரும் பொடியன்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ஸால் இறங்கியபோது தென்சேரி முழுவதும் சந்தியில் நின்றது. என் பெயரையும் லத்தீனையும் சேர்த்துக் கட்டிய வசைப்பாட்டு, பறையோடு. உண்மையில் நல்ல பாட்டு. எனக்கு வெட்கமாகவும், சொல்ல முடியாத சந்தோசமாகவும் இருந்தது. பூபாலப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் கை போட்டு, "யோசிக்காதீங்க மாஸ்டர். இந்த முறை உங்கள நாங்க கவனமாப் படிப்பிக்கிறம்," என்றார். அவருக்குப் பின்னால் புது வகுப்புக்குப் பதினைந்து பொடியன்கள் நின்றார்கள். தென்சேரி எட்டு, வடசேரி ஏழு.

மாணவர் சேர்க்க இப்பக்கம் வரும் ஆசிரியர்களுக்கு: துண்டுப்பிரசுரம் வேண்டாம், பேச்சு வேண்டாம். நேரே கந்தப்பர் கடைக்குப் போய், ஒரே ஒருவன் சேர்ந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடியுங்கள். கையில் லத்தீன் இலக்கணம் ஒன்று இருக்கட்டும். திரும்பி வரும் பதினான்கு மைலும் படிக்கலாம். நான் படிக்கிறேன்.