படம் மாட்டிய சுவர்

தங்கையா கட்டிய வீடுகளில் இதுவரை யாரும் குடியிருந்ததில்லை. பன்னிரண்டு வருடங்களில் ஐம்பது அறுபது வீடு கட்டியிருப்பார். எல்லாம் மூன்று சுவர் வீடுகள். நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கேமரா நிற்கும்.

அதற்கு முன் பதினெட்டு வருடம் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் தச்சர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளின் கதவு, ஜன்னல், ஒழுகும் கூரை. எஸ்டேட்டில் ஆள் குறைத்தபோது கோலாலம்பூர் போய், தமிழ் சீரியல்களுக்கு செட் போடும் ஒருவரிடம் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் சொன்னது, ஆணியை முழுசாக அடிக்கக் கூடாது என்பது. தலை கொஞ்சம் வெளியே நிற்க வேண்டும். படம் பிடித்து முடிந்த மறுநாள் வீட்டைப் பிரிக்கும்போது அந்தத் தலையைப் பிடித்துத்தான் பிடுங்குவார்கள். முழுசாக அடித்தே பழகிய கைக்கு இது வர இரண்டு மாதம் ஆனது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி மலைக்கு வருவார். மனைவி திலகம் எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கும் இடத்தில் வேலை செய்தாள்.

இந்த வருடம் வேலையே மலைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் கதை. சீரியல் கம்பெனிக்காரர்கள் எஸ்டேட்டை நடத்தும் துரையிடம் கேட்டு, தங்கையாவின் எஸ்டேட்டிலேயே படம் பிடிக்க அனுமதி வாங்கியிருந்தார்கள். நிஜமான லயத்து அறைக்குள் கேமராவும் விளக்கும் நுழையவில்லை. பூட்டிக் கிடந்த, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகைக்குள் ஒரு லயத்து வீட்டைக் கட்டச் சொன்னார்கள். தங்கையா கட்டினார். பலகைச் சுவர்கள் புதுசாகப் பளிச்சென்று நின்றன. பழசாகத் தெரிய, கழிவுத் தேயிலைத் தூளை டிரம்மில் கொதிக்கவைத்து மூன்று முறை பூசினார். அடுப்படிப் பக்கம் மட்டும் கரியும் எண்ணெயும் சேர்த்துத் தேய்த்தார். ஆர்ட் டைரக்டர் யுவனேஸ்வரன் வந்து சுவரை முகர்ந்து பார்த்தான். கிள்ளான் பட்டணத்துக்காரன், முப்பது வயது.

"வாசன கூட வருதுண்ணே. என்னா செய்யறது, டிவில வாசன தெரியாது."

கூடத்துச் சுவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கதையில் அந்த வீட்டு மூத்த மகள் இறந்துபோனவள். பெயர் சாந்தினி. அவள் ஒரு காட்சியிலும் வருவதில்லை. மாலை போட்ட படமாக மட்டும் சுவரில் இருப்பாள்.

அந்தப் படம்தான் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கும் பெண்ணின் படத்துக்கு மாலை போட யார் சம்மதிப்பார்கள்? புது நடிகை ஒருத்தி மத்தியானம் சரி என்றாள். சாயங்காலம் அவள் அம்மா போன் பண்ணித் திட்டினாள். மேக்கப் போடும் பெண்ணைக் கேட்டார்கள். "உங்க வீட்டு ஆளுங்க படத்த மாட்டுங்கலா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல" என்றாள். யுவனேஸ்வரன் உலகத்தில் இல்லாத ஒரு பெண்ணைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டு வந்தான். டைரக்டர் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது செத்த மாதிரியும் இல்ல, பொறந்த மாதிரியும் இல்ல. பல்லப் பாரு, எல்லாம் ஒரே அளவு."

மறுநாள் காலை படப்பிடிப்பு.

"நான் கொண்டாறேன் தம்பி" என்றார் தங்கையா.

"யாரு படம்ணே?"

"தெரிஞ்ச புள்ள."

"அவங்க வீட்ல கோவிச்சுக்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

யுவனேஸ்வரன் தயங்கினான். "உயிரோட இல்லதானே?"

"இல்ல" என்றார்.

நாலு வருடத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான்.

சுபத்ரா அவர்களுடைய ஒரே மகள். பக்கத்து ஊரான கோலா தெர்லாவில் பூ அனுப்பும் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். நாலு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில் ஒரு காலை, அவள் போகும் பண்ணை ரோட்டுக்கு மேலே இருந்த சரிவு இறங்கியது. ரோட்டையும் ஒரு காய்கறிக் கொட்டகையையும் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குள் போனது. தங்கையா அன்றே கோலாலம்பூரிலிருந்து ஓடிவந்தார். மோட்டார் கிடைத்தது. ஹெல்மெட் கிடைத்தது. ஒன்பது நாள் தேடிவிட்டு நிறுத்தினார்கள்.

உடம்பு கிடைக்கவில்லை. காரியம் செய்துவிடலாமா என்று சொந்தக்காரர்கள் திலகத்திடம் கேட்டார்கள். "எத வச்சுச் செய்யறது?" என்று கேட்டுவிட்டு அவள் எழுந்து உள்ளே போனாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. வீட்டில் படம் மாட்டவில்லை. விளக்கு வைக்கவில்லை. வெயில் வரும் நாட்களில் திலகம் சுபத்ராவின் கம்பளியை எடுத்துக் கம்பியில் போட்டு, தட்டி, மடித்து, திரும்ப அலமாரியில் வைப்பாள். அவள் காத்திருக்கிறாள் என்று தங்கையா புரிந்துகொண்டார். காத்திருக்கிறவள் எதிரில் உட்கார்ந்து எப்படி அழுவது? கோலாலம்பூரில் பத்துப் பேர் படுக்கும் அறை. அங்கேயும் முடியவில்லை.

அன்று சாயங்காலமே பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில், போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கினார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்தது. யாரோ கூப்பிட்டுத் திரும்பிய முகம். சட்டத்தை மெராந்தி மரத்தில் அவரே செய்தார். மூலைகளைச் சாய்வாக அறுத்து, இழைத்து, பசை வைத்து, அன்று ராத்திரி முழுக்க கயிறு கட்டி இறுக்கினார். செட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. தூரத்தில் தெரியும் சட்டத்துக்கு நாலு ஸ்டேப்ளர் முள் போதும்.

பெயர்ச்சீட்டை யுவனேஸ்வரன் அச்சடித்துக் கொடுத்தான். சாந்தினி. தோற்றம், மறைவு, இரண்டு தேதிகள். தங்கையா அதைக் கண்ணாடியின் கீழே ஒட்டினார். பெயர் வேறு என்பதால் பரவாயில்லை என்று நினைத்தார். மாலை பிளாஸ்டிக். நிஜப் பூ இரண்டு வாரம் தாங்காது. ஒரே காட்சியில் வாடியும் வாடாமலும் தெரியும்.

படப்பிடிப்பு நடந்த நாட்களில் ஆறரைக்கே கொட்டகையைத் திறந்தார். கண்ணாடியைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். படத்துக்குக் கீழே இருந்த சின்னச் சிவப்பு பல்பைப் போட்டார். வெளியே ஜெனரேட்டர் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றார். அழவில்லை. நின்றார், அவ்வளவுதான். அந்த நாட்களில் அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

திலகத்திடம் சொல்லவில்லை. அவள் சீரியல் பார்ப்பதில்லை. ஃபேக்டரி வேலையை விட்டு ஷூட்டிங் பார்க்க வருகிறவளும் இல்லை.

எட்டாம் நாள் ஒரு சாவுக் காட்சி. கதையில் அந்த வீட்டு அப்பா இறந்துவிடுகிறார். கூடத்தில் உட்கார்ந்து அழுவதற்கு லயத்திலிருந்து பத்துப் பெண்களை வரச் சொல்லியிருந்தார்கள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது படம் மாட்டிய சுவர் ஆடியது. ஒத்திகையில் டைரக்டர் அதைக் கவனித்துவிட்டார். தங்கையா சுவருக்குப் பின்னால் போய் முட்டுக்கட்டையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் வீடு. இந்தப் பக்கம் வெறும் பலகை, பென்சிலில் எழுதிய நம்பர்கள், மண் மூட்டைகள்.

பெண்கள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. அடுத்த வீட்டு ஜெயாவின் குரல்தான் முதலில்.

"ஏம்பா, நெசமாவே அழணுமா, முந்தானைய வச்சு மூடிக்கிட்டா போதுமா?"

"அழணும்கா. குளோஸப் இருக்கு" என்றாள் உதவி டைரக்டர் பெண்.

"செத்தவர எனக்கு யாருன்னே தெரியாதே. சரி, எம் புருசன நெனச்சுக்கறேன்."

"அவரு உயிரோடதானே இருக்காரு?"

"அதனாலதான்லா அழுவ வருது."

சிரிப்பு. தங்கையாவும் சிரித்தார்.

"இங்க வந்து உக்காருக்கா" என்றாள் ஜெயா மறுபடி. "ஃபேக்டரி மெசின் ஒடைஞ்சது நல்லதாப் போச்சு. இல்லாட்டி உன்ன இழுத்துக்கிட்டு வந்திருக்க முடியுமா?"

தங்கையாவின் கை நழுவியது. மறுபடி இறுக்கினார். முட்டுக்கட்டையை விட்டால் சுவர் சாயும். சுவருக்கு அந்தப் பக்கம் பத்துப் பெண்கள். அவர்களில் ஒருத்தி திலகம்.

பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. லயத்தில் எல்லாருக்கும் சுபத்ராவைத் தெரியும். "அடி ஆத்தி" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். பிறகு காலடி. அவர் முகத்துக்கு நேரே பலகை லேசாக உள்வாங்கியது. ஆணியில் படத்தின் கம்பி உரசியது.

"அம்மா, அதத் தொடாதீங்க. கன்டினியூட்டி போயிரும்." உதவி டைரக்டர் பெண்.

"யாரு மாட்டுனது?" திலகத்தின் குரல்.

உதவி டைரக்டர் பெண்ணின் காலடி பின்வாங்கியது.

"யாருன்னு கேக்கறேன்."

"நான்தான்" என்றார் தங்கையா, சுவருக்குப் பின்னாலிருந்து.

லைட் போடும் ஆள் ஒருவன் ஓடிவந்து முட்டுக்கட்டையை வாங்கிக்கொண்டான். தங்கையா சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். திலகம் படத்தை நெஞ்சோடு பிடித்திருந்தாள். மாலை அவள் கையில் தொங்கியது. ஒரு பூவை விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக்கா?"

"நெசப் பூ வாடிரும் திலகம். ஷூட்டிங்ல..."

"ஊரு பூரா பூவு. தெனம் லோரி லோரியா எறங்குது. எம் மவளுக்குப் பிளாஸ்டிக்கு."

அவள் படத்தைத் திருப்பிக் கீழே இருந்த சீட்டைப் படித்தாள்.

"சாந்தினி யாரு?"

"கதையில வர்ற பேரு."

நகத்தால் சீட்டைச் சுரண்டினாள். பாதிதான் வந்தது. மீதியைச் சுரண்டிக்கொண்டே நின்றாள். அங்கிருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிறகு முந்தானையால் படத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஜெயா பின்னாலேயே ஓடினாள்.

"சார், ஏழு சீன்ல அந்தப் படம் வந்திருச்சு" என்று உதவி டைரக்டர் பெண் ஆரம்பித்தாள்.

"பேசாம இரு" என்றான் யுவனேஸ்வரன். தங்கையாவிடம் வந்தான். "ஏண்ணே எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா மாட்டியிருப்பியா?"

அன்று எதிர்ப் பக்கத்துச் சுவரை வைத்துக் காட்சியை எடுத்தார்கள்.

அவர் வீடு திரும்பியபோது படம் கட்டிலின் மேல் கிடந்தது. மாலை இல்லை. குங்குமத்தைத் துடைத்திருந்தாள். சோறு ஆக்கி வைத்திருந்தாள், போட்டாள், அவர் சாப்பிட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதற்கு என்று கேட்டால் என்ன சொல்வது? செத்துப்போன மகளைச் செத்துப்போனாள் என்று சொன்னதற்கா? இரண்டு நாள் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுடைய காத்திருப்பை உடைத்துவிட்டோம் என்று அவர் அடுப்படியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பலகையில் செய்த ஒரு வீட்டுக்காக உடைத்துவிட்டோம்.

மூன்றாம் நாள் காலை அவள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"பூசாரியப் பாத்துட்டு வரலாம். கெளம்புங்க."

எஸ்டேட் மாரியம்மன் கோயில் மேட்டில் இருந்தது. பூசாரி சின்னையா மண்டபத்தில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். விஷயத்தை அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். எஸ்டேட்டில் எல்லாரும் கேள்விப்பட்டிருந்தார்கள்.

"செஞ்சிரலாம். உடம்பு கெடைக்காதவங்களுக்குச் செய்யற மொறை இருக்கு. தர்ப்பையில உருவம் கட்டிச் செய்யலாம்." நோட்டை எடுத்தார். "எந்த நாள வச்சுக்கறது? மண்ணு சரிஞ்ச நாளா, தேடறத நிப்பாட்டுன நாளா?"

தங்கையா வாயைத் திறந்தார். அந்த ஒன்பது நாளும் அவர் அந்தச் சரிவின் ஓரத்தில் நின்றிருந்தார். ஒவ்வொரு முறை மண்வாரி இறங்கும்போதும் அவருக்கு அவள் உயிரோடு இருந்தாள். எந்த நாள் என்று அவரால் சொல்ல முடியவில்லை. படத்தை மாட்டியவர் அவர். நாளைச் சொல்ல முடியாதவரும் அவர்தான்.

"சரிஞ்ச நாள்தான்" என்றாள் திலகம்.

"அந்த வருசத்துத் திதி பாக்கணுமே." சின்னையா போனை எடுத்தார். மேட்டில் நெட் சரியில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. போனை உயர்த்திப் பிடித்தார்.

"தேய்பிறை நவமி" என்றாள் திலகம்.

சின்னையா நிமிர்ந்தார். "அப்படியா? சரியாத் தெரியுமா?"

"காலைல ஏழே கால் வரைக்கும் அஷ்டமி. அவ வீட்ட விட்டுக் கெளம்புனதே ஏழரைக்கு. நவமிதான். எழுதிக்கிங்க."

சின்னையா எழுதிக்கொண்டார். நட்சத்திரம் கேட்டார். படையலுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அவளே சொன்னாள். தங்கையா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது கேட்டார்.

"திதிய எப்பப் பாத்த?"

"அன்னிக்கே. எல்லாரும் உங்களப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. நான் வீட்டுக்கு வந்து காலண்டரப் பாத்தேன்."

"தெரியுமா உனக்கு அப்பவே?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் சொல்லல? நாலு வருசம்."

திலகம் நின்றாள். "எப்படிச் சொல்றது? நீங்க மாசா மாசம் அவ போன் நம்பருக்கு ரிலோட் காசு போட்டுக்கிட்டு இருந்தீங்க. கடைக்காரன் எங்கிட்ட சொன்னான். நீங்க அவ கூப்பிடுவான்னு இருக்கீங்க. நான் போயி காரியம் செய்யலாம்னு சொல்லவா?"

தங்கையா ஒரு படி கீழே நின்று திரும்பினார்.

"அதுக்குப் போடல திலகம். போடலன்னா நம்பரக் கட் பண்ணிருவாங்க. வேற யாருக்காவது குடுத்துருவாங்க. ஒருநா தெரியாம அந்த நம்பர அழுத்தி, யாராவது எடுத்துப் பேசிட்டா..."



"அதுக்கா?" என்றாள்.

"அதுக்குத்தான்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். அவர் ஒரு படி கீழே உட்கார்ந்தார். கீழே ரோட்டில், கம்போங் ராஜா பக்கம் போகும் காய்கறி லோரி ஒன்று கியர் மாற்றி ஏறியது. அது வளைவில் மறைந்தது. சத்தம் முழுவதும் அடங்கியது. முதலில் அழத் தொடங்கியது தங்கையாதான்.