தட்டில் வளர்ந்த எங்கள் பாப்பா

என் மகள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அதே நேரத்தில், அவளுடைய தோலில் ஒரு மிளகளவு, தூரத்து நகரம் ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இருப்பவள் குழம்பில் கத்திரிக்காய் கிடந்தால் தட்டைத் தள்ளிவிடுவாள். அங்கே இருப்பவள் கொடுத்ததைச் சாப்பிட்டுவிட்டுச் சமர்த்தாக இருக்கிறாளாம். ஆராய்ச்சி செய்யும் பெண் போனில் இதைச் சொன்னபோது, "அப்ப அவள இங்க அனுப்பிட்டு இவளக் கூட்டிக்கினு போயிடும்மா" என்றேன். அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பு எனக்கு உடனே பிடித்துவிட்டது.

தோலை ஏன் கொடுத்தோம் என்று சொல்வதற்கு முன்னால் என் கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். என் கணவர் எனக்குத் தாய்மாமன், அம்மாவின் கடைசித் தம்பி. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் எலக்ட்ரீஷியன், பெர்மனென்ட். காடாம்புலியூரில் எங்கள் வீட்டில் பெர்மனென்ட் மாப்பிள்ளையை வெளியே விட்டுவிட்டுச் சோறு இறங்குமா? எனக்கும் ஆட்சேபணை இல்லை. பேச்சு வந்த நாளிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரைக் கல்யாணத்துக்குப் பிறகும் மாமா என்றே கூப்பிடலாம். ஆட்சேபணை அத்தைக்குத்தான், அதாவது அப்பாவின் அக்காவுக்கு. தன் மகனுக்கு என்னைக் கேட்டிருந்தாள்.

பாப்பா பிறந்தபோதே துணி மாதிரித் துவண்டு கிடந்தாள். விரல்கள் எந்தப் பக்கம் வளைத்தாலும் வளைந்தன. முட்டியும் முழங்கையும் மட்டும் நீட்ட வராமல் விறைத்திருந்தன. ரொம்பத் தாமதமாகத்தான் நடந்தாள். இப்போதும் வீட்டுக்குள் நடப்பாள், தெருமுனைக்குப் போக வண்டி வேண்டும். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, எங்கள் பிளாக் முழுவதற்கும் சேர்த்து அவளுக்குக் கொடுத்திருக்கிறது.

பெரிய ஊர் டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பில் தசைகளைச் சுற்றி ஒரு வலை இருக்கிறது, அதை நெய்யச் சொல்லும் மரபணு ஒன்றில் கோளாறு. எல்லா மரபணுவும் நமக்கு இரண்டு நகல், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. இந்த நோய் இரண்டு வழியில் வரும். அம்மா அப்பா இருவருமே ஆளுக்கொரு கெட்ட நகலைக் கொடுத்திருக்கலாம். அல்லது யாரிடமும் இல்லாமல் ஒரே ஒரு நகலில் கோளாறு புதிதாக விழுந்திருக்கலாம். பாப்பாவின் ரத்தத்தில் ஒரு நகலில் ஓர் எழுத்துப்பிழை தெரிந்தது. எங்கள் இருவர் ரத்தத்திலும் அது இல்லை. "ஆனா அந்த ஒரு பிழை மட்டுந்தான் காரணமான்னு உறுதியா சொல்ல முடியல. நீங்க நெருங்கின சொந்தத்துல கட்டியிருக்கீங்க. டெஸ்ட்ல தெரியாத இடத்துல இன்னொண்ணு ஒளிஞ்சிருக்கலாம்" என்றார்.

டாக்டர் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார். மாமாவின் காதில் அது விழவில்லை.

அன்றிலிருந்து அவர் பாப்பாவின் கையைத் தொடுவதை விட்டார். காலையிலும் சாயங்காலமும் அவள் கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அவருக்கு சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டியிருக்கும். யாராவது ஷிப்ட் மாற்றிக்கொள்ளக் கேட்டால் மகராசனாகத் தலையாட்டுவார். நான் சத்தம் போட்டால், "அவ கையத் தொட்டா நாந்தான் ஒடச்ச மாதிரி இருக்குதும்மா" என்பார். அப்புறம் எனக்கு எங்கே சத்தம் வரும்?

காதுகுத்தும் அதனால்தான் தள்ளிப்போனது. ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும் என்பார்கள். மூன்று போனது, ஐந்து போனது, ஏழும் போனது. குலதெய்வம் கோயிலில் குத்தினால் சொந்தபந்தம் கூடும், கூடினால் அத்தை வருவாள், வந்தால் "சொந்தத்துல கட்டுனா இப்பிடித்தான்" என்பாள். அத்தை மகனும் சொந்தம்தானே என்பது அவள் புத்தியில் இன்றுவரை ஏறவில்லை. மந்தாரக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் என் தம்பி, பாப்பாவுக்குத் தாய்மாமன், தோடு வாங்கி பீரோவில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவள் காது மூளியாகவே இருந்தது. நோயோடு வாழ நான் பழகிவிட்டேன். மாமா மகளிடமிருந்து இப்படி ஒதுங்கி ஒதுங்கிப் போவதோடு வாழத்தான் எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் டாக்டர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். பாப்பாவின் கையிலிருந்து மிளகளவுக்கு ஒரு துணுக்குத் தோல் எடுத்தார்கள். அழுவாள் என்று மிட்டாயோடு நின்றேன். அவள் மிட்டாயை வாங்கிக்கொண்டு, "என் தோலுக்கு அங்க யாரு சோறு போடுவாங்க?" என்று கேட்டாள்.

"நாந்தான்" என்றாள், தோலை வாங்கிப்போக வந்திருந்த அந்த ஆராய்ச்சிப் பெண். மதுரைப் பக்கத்துக்காரி. செல்களுக்குப் போடும் தீனியை மாற்ற ஞாயிற்றுக்கிழமையும் கூடத்துக்கு வருவாளாம். பொங்கலன்று எனக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவள் அங்கேயிருந்துதான் கூப்பிட்டாள். பெற்றவள் நானே சில நாள் அலுத்துப்போய், நீட்டி மடக்கும் பயிற்சியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். எந்தச் சொந்தமும் இல்லாத ஒருத்தி என் மகளின் செல்லை ஒருநாளும் பட்டினி போடவில்லை. இதற்கு நான் எந்த ஜென்மத்தில் கைம்மாறு செய்வேன்?

என்ன செய்யப்போகிறாள் என்பதை ஒருநாள் வீடியோ காலில் சொன்னாள். மரபணு என்பது ஆபீசில் பூட்டி வைத்த ஃபைல் மாதிரி. அதைப் பார்த்து ஓர் உத்தரவு எழுதி வெளியே வரும், அந்த உத்தரவின்படி வேலை நடக்கும். இவள் ஃபைலைத் தொட மாட்டாள். ஒரு சின்னத் துண்டு மருந்தை செல்லுக்குள் அனுப்புவாள். அது பிழையுள்ள உத்தரவை மட்டும் தேடிப் பிடித்துக் கிழித்துவிடும். நல்ல நகலிலிருந்து வரும் உத்தரவை ஒன்றும் செய்யாது. "அந்த ஜீன வாயடைக்கிறதுன்னு வெச்சுக்கங்கக்கா. வாயடைச்சுட்டு, செல் என்ன பண்ணுதுன்னு பாப்பேன்."

"எங்க அத்தைக்கும் அதுல கொஞ்சம் கெடைக்குமா?" என்று கேட்டேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றிருந்த மாமா மெல்ல உள்ளே வந்தார். "மைன்ஸ்ல நாங்க பண்றதுதாங்க. லைன்ல எங்கியோ ஃபால்ட்டுன்னா கரண்ட் போற ஒவ்வொரு ஃபீடரா ஆஃப் பண்ணிப் பாப்போம். எத நிறுத்துனா மத்தது ஒழுங்கா ஓடுதோ, அதுலதான் கோளாறு."

"அதேதாண்ணா" என்றாள் அவள். பாப்பாவின் நோயைப் பற்றிய பேச்சில் அவர் வாயைத் திறந்தது வெகு காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

அப்புறம் மாதக்கணக்கில் காத்திருப்பு. முதலில் மருந்து நல்ல உத்தரவையும் சேர்த்துக் கிழித்தது. மருந்துத் துண்டை மாற்றினாள். ஒருதடவை செல்லெல்லாம் செத்துப்போயின, அன்று அவள் குரலே சரியில்லை. பாப்பா போனை வாங்கி, "பரவால்லக்கா, எங்கிட்ட இன்னும் தோலு இருக்குது" என்று தேற்றினாள். நல்லவேளையாக முன்பே கொஞ்சத்தை உறையவைத்திருந்தார்கள், திரும்பவும் அதிலிருந்து வளர்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. மூன்று பேரும் கட்டிலில் ஒட்டி உட்கார்ந்து பார்த்தோம். திரையில் இரண்டு படங்கள். ஒன்றில் பச்சை நிறத்தில் நூல் அங்கங்கே கட்டிகட்டியாகத் திரண்டு கிடந்தது, சிக்கெடுக்காத தலை மாதிரி. அது பாப்பாவின் செல். இன்னொன்றில் அதே பச்சை நூல் செல்களைச் சுற்றிலும் மெல்லிய வலையாக விரிந்திருந்தது. "இதுவும் உங்க பாப்பாதான். பிழையான நகல மட்டும் வாயடைச்ச பிறகு எடுத்தது" என்றாள். எதையும் வாயடைக்காத வெறும் துண்டையும் போட்டுப் பார்த்தாளாம், அதில் வலை விரியவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாளாம். பாப்பா படத்தில் விரலை வைத்து, "அழகா இருக்கேன்ல?" என்றாள்.

மாமா முன்னால் நகர்ந்து போனைக் கையில் வாங்கினார். "அப்ப பாப்பாவுக்கு எப்ப ஷட்டவுன் குடுக்கப் போறீங்க?"

அவளுக்குப் புரியவில்லை.

"ஃபால்ட்டு எதுன்னு கண்டுபுடிச்சாச்சு. ஆஃப் பண்ணவும் வழி இருக்குது. அப்புறம் இன்னாங்க? எப்ப கூட்டிக்கினு வரட்டும்? நான் லீவு சொல்லணும்."

மைன்ஸில் ஃபால்ட்டைக் கண்டுபிடித்தால் அன்றைக்கே சரிசெய்து பெல்ட்டை ஓடவிட்டுவிடுவார்கள். அந்த நினைப்பிலேயே இத்தனை மாதமும் அவர் காத்திருந்திருக்கிறார். எனக்கு அது தெரியவே இல்லை.

"அண்ணா," என்றாள் அவள், "தட்டுல செல்லுங்க படுத்துக் கெடக்கு, மேலாப்ல மருந்த ஊத்துறேன். உடம்புல அத்தன தசைக்கும் அதக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுக்கு இன்னும் வழி தெரியல. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேண்ணா." சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. ஆசை காட்டாமல் உண்மையைச் சொன்னதற்கு அவளுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். அந்த நிமிடம் அது வலித்தது.

மாமா போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கேட்க வேண்டியதை அப்போதுதான் கேட்டேன். "அப்ப அந்த ஒளிஞ்சிருக்கிறதும்மா? நாங்க குடுத்தது?"

"அதத்தாங்க்கா சொல்ல வந்தேன். கெட்ட நகல வாயடைச்சதும் வலை சரியாச்சுல்ல? அப்ப அந்த வலைய நெய்ஞ்சது யாரு? மிச்சமிருக்க நகல். ஒளிஞ்சு வந்த கோளாறு எதாவது அதுல இருந்தா வலை விரிஞ்சிருக்காது. மூணு பிரிய வெச்சுச் சடை பின்னுறோம், ஒரு பிரி கோணலா வந்தா பின்னலே கெட்டுப்போகுதுல்ல, அந்த மாதிரி இந்த ஒரு பிழையே போதும். கரு உண்டாகுற நேரத்துல அது புதுசா விழுந்தது. யாருக்கு வேணா விழும்க்கா. நெருங்குன சொந்தத்துல கட்டுனா வேற சில நோய் வர வாய்ப்பு கூடத்தான், அத நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இது அப்படி வரல."

மத்தியானம் மாமா மந்தாரக்குப்பத்திலிருந்து கறி வாங்கிக்கொண்டு வந்தார். கோபமோ துக்கமோ, கறி எடுப்பது அவர் வழக்கம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன்.

"அப்ப நம்ம குடுத்தது?"

"நல்லதுதான் மாமா. நம்ம குடுத்த நகலுதான் அந்த வலையை நெய்ஞ்சுது."

வெங்காயத்தைக் காரணம் சொல்லிக்கொண்டு வெகுநேரம் கண்ணைத் துடைத்தார். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டிருந்த மகளிடம் போய் உட்கார்ந்தார். "இந்த எக்சர்சைஸ் எப்பிடிப் பண்றதுன்னு சொல்லு" என்றார். அவள் கையை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. "மெதுவாப்பா! நான் இன்னா நட்டு போல்ட்டா?" குழம்பைக் கிளறிக்கொண்டே நான் அழுதேன், சிரித்தேன், உப்பையும் இரண்டு தடவை போட்டுவிட்டேன். அன்றைய கறியை யாரும் குறை சொல்லவில்லை.

ஒன்பதாவது வயதில், பலாப்பழக் காலத்தில், காதுகுத்து வைத்தோம். கோயிலுக்குப் பக்கத்து முந்திரித் தோப்பில் பந்தல். தம்பி தட்டில் பட்டுப்பாவாடையும் பழமும் தோடுமாகச் சீர் கொண்டுவந்து, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். பாப்பா வண்டியிலிருந்து எழுந்து, பந்தல் காலைப் பிடித்தபடி நடந்து வந்தாள். மணைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"நான் எங்கப்பா மடியிலதான் ஒக்காருவேன்."

எதிர்பார்த்தபடி அத்தைதான் ஆரம்பித்தாள். "அதெப்பிடி? தாய்மாமன் மடிதான் மொற. ஏற்கெனவே சொந்தத்துல கட்டிக்கினு படறது பத்தாதா?"

மாமா கூட்டத்துக்குப் பின்னால், சமையல் அண்டாவுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார். எனக்கு நாக்கு நுனியில் வந்துவிட்டது. அதற்குள் பாப்பா முந்திக்கொண்டாள். "எனக்கு எங்கம்மா அப்பாகிட்டேர்ந்து வரல ஆயா. அவங்க குடுத்தது நல்லா வேல செய்யுது. நான் படத்துல பாத்தேன்."

தம்பி சிரித்தபடி மணையை விட்டு எழுந்தான். "ஏன் அத்த, அவரும் தாய்மாமன்தான? அக்காவுக்கும் எனக்கும் காது குத்துனது அந்த மடியிலதான். இவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு வேற மடி? மாமா, வாங்க, வந்து ஒக்காருங்க."

மாமா வந்தார். மணையில் உட்கார்ந்தார். காதுகுத்த என்னை மடியில் வைத்திருந்தபோது அவர் மீசை முளைக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளை. இப்போது முன்னந்தலை நரைத்திருந்தது. பாப்பாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். ஆசாரி கம்பியை எடுத்ததும் அவள் வாய் அடங்கிப்போனது. எந்தப் பக்கமும் வளையும் அந்த விரல்களால் அப்பாவின் இரண்டு கையையும் தேடினாள்.

"கெட்டியா புடிச்சுக்கப்பா" என்றாள்.

அவர் பிடித்துக்கொண்டார்.