கரண்ட் பெட்டியும் என் ஒற்றை வரி ஜெபமும்

1986 மார்ச் மாதம் என் மனைவி எஸ்தரை அடக்கம் செய்தோம். குழிக்குப் பக்கத்தில் நின்ற எனக்கு அழுகை வரவில்லை. போதகர் எப்போது முடிப்பார், நான் எப்போது உட்காரலாம், இதுதான் நினைப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என் பெயர் ஞானமுத்து. மலேசியாவில் ஈஜோக் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டினேன். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டி அண்ணாந்து வெட்டுகிற வேலை. அறுபது வயதுக்கு மேல் இடுப்பில் பிடித்த வலி இடது காலில் இறங்கியது. அப்புறம் விடவே இல்லை. எஸ்தர்தான் தினமும் காலையில் தைலம் தேய்த்துவிடுவாள். அவள் போன பிறகு தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கிடந்தேன். சோறு ருசிக்கவில்லை. யார் வந்தாலும் போனாலும் ஒன்றும் தோன்றவில்லை. மரத்துப்போனேன்.

சபையார் வந்து என் சுகத்துக்காக ஜெபித்தார்கள். நான் ஆமென் மட்டும் சொன்னேன். தனியாக இருக்கும்போது ஒரு வரிதான் வாயில் வரும். "ஆண்டவரே, அவளுக்காக ஒரு தடவை அழ விடும்."

ஒருநாள் மகள் லீலா துணி துவைக்கும்போது என் சட்டைப்பையில் டாக்டர் கொடுத்த கடிதத்தைப் பார்த்துவிட்டாள்.

"என்னப்பா இது?"

"பெரிய ஆஸ்பத்திரிக்கு. இடுப்புல கரண்ட் வைப்பாங்களாம்."

"ஏன் போகல?"

"போயி என்னம்மா ஆவப்போவுது?"

"நாளைக்குப் போறோம் லா. பேசாம வாங்க."

போனோம். சிகிச்சை அறையில் ஒரு மலாய்ப் பெண், சின்ன ரேடியோ அளவில் ஒரு பெட்டி வைத்திருந்தாள். அதன் ஒயர் நுனியில் இருந்த கறுப்பு ரப்பர் வில்லைகளை என் இடுப்பில் ஒட்டினாள். கரண்ட் அடித்தாலும் அடிக்கட்டும் என்றுதான் குப்புறப் படுத்தேன். திருகியைத் திருப்பினாள். எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. அரைமணி நேரத்தில் வலி கொஞ்சம் கொஞ்சமாகத் தூரப் போனது.

அந்த இடத்தில் எஸ்தரின் கை வந்து நின்றது. தைலம் மணக்கும் அந்த உள்ளங்கை. நான் ஓவென்று அழுதேன்.

அந்தப் பெண் பயந்துபோய்ப் பெட்டியை நிறுத்திவிட்டு, "வலிக்குதா பக்சிக்?" என்று, மாமா என்கிற மரியாதையோடு மலாயில் கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன். "வலிக்கல. அதான் அழறேன்."

சாயங்காலமே வலி திரும்பிவிட்டது. வாரம் இரண்டு தடவை போனேன். முழுசாகச் சுகமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்தே வருகிறேன். நேற்று மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று லீலாவிடம் சண்டை போட்டேன். அவள் சிரித்தாள். மரத்த நாட்களும் இன்னும் வருகின்றன. அந்த நாட்களிலும் கர்த்தருக்கு நன்றி சொல்லப் பழகிவிட்டேன்.

பிரியமானவர்களே, ஜெபிக்கக்கூடத் தெம்பில்லாமல் யாராவது இருந்தால், ஒரு வரி சொல்லுங்கள், போதும். யாராவது கையைப் பிடித்துக் கூப்பிட்டால் எழுந்து போங்கள். நான் நம்பிக்கையோடு போகவில்லை. கர்த்தர் எனக்கு முன்னாலேயே அங்கே போய்க் காத்திருந்தார்.